காற்றில்லாத ஆமென்

என் மனைவி இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தபோது சபைச் செயலாளர் மாரெட்பள்ளியில் இருந்த என் வீட்டுக்கு ஸ்கூட்டரில் வந்தார். மெட்டுகுடா ரயில்வே குடியிருப்பில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி வளர்ந்தவர். அவர் குடும்பம் திருநெல்வேலியை விட்டு இரண்டு தலைமுறை ஆகியும் பேச்சு மட்டும் மாறவில்லை.

"அண்ணாச்சி, ஆர்கன் வாசிக்கிறவருக்குக் குஷாய்குடா பேக்டரில மாசம் ரெண்டு ஞாயித்துக்கெழம டூட்டி போட்டுட்டாவ. நீங்க ஒரு வாரம் வாசிங்க. சரியா வந்தா அந்த ரெண்டு ஞாயிறும் ஒங்களுக்குத்தான்."

"தொட்டு இருவது வருசத்துக்கு மேல ஆச்சு வே."

"நம்ம சபையில எவனுக்குச் சுருதி தெரியுது? நீங்க மிதிச்சாப் போதும்."

எங்கள் கோயில் ஆர்கன் காலால் மிதிப்பது. இரண்டு பலகைகளை மாறி மாறி மிதித்தால் உள்ளே துருத்தி இயங்கும். கால் நின்றால் மிச்சக் காற்று தீரும்வரைதான் சத்தம். இளவயதில் பதினான்கு ஆண்டுகள் அதை வாசித்தேன். பிறகு பத்திரிகையில் இரவுப் பணி வந்தது. சனி இரவு வேலை முடிந்து விடியற்காலையில் வீடு திரும்புவேன். ஆராதனை நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பேன். மனைவி தனியாகப் போய்வருவாள். திரும்பியதும், "என்னென்ன பாட்டு?" என்று படுக்கையிலிருந்தே கேட்பேன். அவள் எண்களைச் சொல்வாள். கிறிஸ்துமஸுக்கு மட்டும் நானும் போவேன். அன்று கூட்டம் அதிகம், வெளியே ஷாமியானாவின் கீழே நின்றுவிட்டு வருவேன்.

நான் ஓய்வு பெற்ற மாதமே அவள் போய்விட்டாள். அதன் பிறகு ஞாயிறு மிக நீளமாகிவிட்டது. பத்திரிகையைப் பிழை தேடிப் படித்தாலும் ஒன்பது மணிக்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு இருட்டும்வரை யாரும் வர மாட்டார்கள். மாதத்தில் இரண்டு ஞாயிறு என்பது எனக்குச் சின்ன விஷயமில்லை.

நான்கு நாட்கள் மதியத்தில் போய்ப் பழகினேன். காவல்காரர்தான் கதவைத் திறந்துவிடுவார். மூன்றாம் நாள் வாசலில் நின்று, "கைக்கு சாப், ரோஜ் ஏகிச் கானா?" என்றார். ஏன் ஐயா, தினமும் ஒரே பாட்டுதானா என்று இந்த ஊர் உருதுவில் கேட்கிறார். ஆமாம் என்பதற்கு, "ஹவ்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வேப்ப மரத்தடிக்குப் போய்விட்டார். விரல்கள் சொன்னபடி கேட்டன. வலது முழங்கால்தான் கேட்கவில்லை. நடுவில் ஒரு கட்டை அழுத்தினால் தானாக எழும்பாது. அடுத்த விரலால் தூக்கிவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் பாட்டின் முடிவில் ஆமென் வாசித்தேன். எங்கள் காலத்தில் கடைசி அடி முடிந்ததும் சபை நின்றபடியே மெதுவாக ஆமென் பாடும். ஆர்கனில் அதற்கு இரண்டே முறை அழுத்தல், இரு கைகளாலும்.

ஞாயிறன்று நாற்பத்து மூன்று பேர் வந்திருந்தார்கள். ஆர்கன் வாசிப்பவர் சபைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். போதகரைப் பார்க்க எதிரே ஒரு சின்னக் கண்ணாடி மாட்டியிருக்கும். அதே கண்ணாடி, ஓரங்களில் ரசம் போயிருந்தது. முதல் பாட்டு நன்றாகவே போனது. கடைசி அடி முடிந்தது. ஆமென் வாசித்தேன்.

யாரும் பாடவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். பாதிப் பேர் உட்கார்ந்துவிட்டார்கள். உட்கார்ந்தவர்களில் சிலர், இன்னொரு அடி இருக்கிறது போலும் என்று மறுபடி எழுந்தார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். போதகர் என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எல்லோரும் உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் ஒரு சிறுமி, "நானா, ஏமயிந்தி?" என்று, என்ன ஆச்சு என்று அப்பாவிடம் தெலுங்கில் விசாரித்தது தெளிவாகக் கேட்டது. அடுத்த இரண்டு பாட்டுகளையும் கடைசி அடியோடு நிறுத்தினேன்.

ஆராதனை முடிந்ததும் செயலாளர் ஸ்கூட்டரைத் தள்ளியபடி என்னோடு வாசல்வரை நடந்தார்.

"வாசிப்பு நல்லாருந்துச்சு அண்ணாச்சி. அடுத்த வாரமும் நீங்கதான். ஆனா அந்த ஆமென் நக்கோ, வேண்டாம்."

"எப்ப நிறுத்துனீங்க?"

"நீங்க போன பெறவு ஆர்கன் கொஞ்ச நாளு சும்மாக் கெடந்துச்சுல்லா? அப்பவே போச்சு. மதினி மட்டும் தனியாப் பாடிட்டு இருந்தாவ. எல்லாரும் உக்காந்த பெறவும் நிப்பாவ. சின்னப் புள்ளைய சிரிக்கும். ஒரு வருசம் இருக்கும். பெறவு அவியளும் விட்டுட்டாவ."

அவர் வண்டியை உதைத்துக் கிளப்பிப் போய்விட்டார். நான் மாரெட்பள்ளிக்கு நடந்தேன். இருபது வருட ஞாயிறுகளில் என் மனைவி எனக்கு எத்தனையோ பாட்டு எண்களைச் சொல்லியிருக்கிறாள். இதைச் சொன்னதில்லை. எண்களுக்கு மேல் நான் எதையும் கேட்ட நினைவும் இல்லை.

அடுத்த ஞாயிறு மூன்று பாட்டு. மூன்றிலும் கடைசி வரி தொடங்கும்போதே மிதிப்பதை நிறுத்தினேன். துருத்தியில் இருந்த காற்று அந்த வரிக்குச் சரியாக இருந்தது; கடைசி எழுத்தோடு தீர்ந்தது. எனக்குப் பின்னால் பெஞ்சுகள் கிறீச்சிட்டன, சபை உட்கார்ந்தது. ஒவ்வொரு முறையும் நான் இரு கைகளாலும் இரண்டு முறை கட்டைகளை அழுத்தினேன். மரம் மரத்தில் படும் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது.

செயலாளர் வந்து அடுத்த மாதத்துக்கான பாட்டு எண்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.