மகளிடம் கேட்காத வாரம்

தையல் கம்பெனியில் பொத்தான் வைக்கிறவளைப் பெண் பார்த்துவிட்டு வந்தான் என் தம்பி. அன்றுதான் ‘பொத்தான்’ என்ற பட்டப்பெயரை முதலில் கேட்டேன்.

அவளையே கட்டினான். மகளையும் கட்டிக்கொடுத்தபின், நாற்பத்து நான்கு வயதில் அவளுக்கு இரண்டு மாதம் தள்ளிப்போனது. மாதவிலக்கு நின்றுவிட்டது என்றே நினைத்தாள். ஆஸ்பத்திரியில் கர்ப்பம் என்றார்கள்.

நர்ஸ் பொறுமையாகச் சொன்னாள்: “பெத்துக்கலாம், கலைக்கலாம், பெத்துத் தத்துக் குடுக்கவும் வழி இருக்கு. முடிவு உங்களோடது. ஒரு வாரம் யோசிங்க, வீட்டுல பேசுங்க.”

“தாத்தாவாகிற வயசுல அப்பாவாக்கிட்டியே” என்று தம்பி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

“எனக்குப் பெத்துக்கத்தான் ஆசை அண்ணி,” என்று என்னிடம் அழுதாள். “ஆனா என் மக ஆறு வருஷமா ஒரு குழந்தைக்கு ஏங்குறா. அவ முன்னாடி வயித்தோட எப்படி நிப்பேன்?”

“அவகிட்டயே ஒரு வார்த்தை கேளேன்டி.”

“வேணாம், நொறுங்கிப் போயிடுவா.”

வாரம் முடிந்ததும் போய்க் கலைத்துக்கொண்டாள்.

ஆறு மாதம் கழித்து மகள் அம்மாவின் அலமாரியில் கருக்கலைப்புக்குக் கொடுத்த மருந்துச் சீட்டைப் பார்த்துவிட்டாள். கோபப்படவில்லை. “சொல்லியிருந்தா நானே தூக்கி வளர்த்திருப்பேனேம்மா” என்று மட்டும் சொன்னாள்.

இப்போது பொத்தான், மகள் வீட்டுக்கு அடுத்த தெருவில் குடியிருக்கிறாள். மகள்தான் வந்து பார்க்கிறாள். இவள் அங்கே போவதில்லை.