காற்றில் திரும்பிய வீடு

காலை வெயில் ஏறுவதற்குள் மொட்டைமாடியில் சோலார் தகடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள் பாதி பனிக்குள் இருந்தன. அப்போதுதான் ஜமீலாவின் தம்பி அன்வர் போனில் கூப்பிட்டான்.

"வேதாக்கா, அக்கா மவுத்தாயிட்டாங்க. சுபுஹுத் தொழுகைக்கு எழுப்பப் போனோம், எந்திரிக்கல. மத்தியானம் ளுஹர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். வந்திருங்க."

வந்துவிடுகிறேன் என்று சொன்னேனா என்பது நினைவில்லை. கீழே தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். அது தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போலக் கேட்டது. ஈரத்துணி கையிலேயே காய்ந்துபோயிருந்தது.

ஜமீலாவுக்கு என் வயதுதான். ஒரே பட்டறையில் சேர்ந்து வேலை செய்தோம். அந்த உரிமையில் இந்த அஞ்சலியில் அவள் என்றே எழுதுகிறேன். அவளை அறிந்த நீங்கள் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள். நாங்கள் செய்தது சின்ன வீடுகள். சுவர், கூரை, ஜன்னல் எல்லாம் பட்டறையிலேயே தயாராகும். லாரியில் ஏற்றிக்கொண்டுபோய், போட்டுவைத்த தூண்களின் மேல் இறக்கி முடுக்கினால் வீடு. அதை அவள் வரைவாள். மின்சாரமும் கூரைமேல் வரும் சோலார் தகடுகளும் என் பொறுப்பு. "வருஷம் முழுக்க லைன்ல இருந்து எடுத்த கரெண்டையும், நம்ம கூரை திருப்பிக் கொடுத்ததையும் கழிச்சா பாக்கி நிக்கக் கூடாது வேதா. அதுதான் வீடு. மத்ததெல்லாம் பொட்டி" என்பாள்.

அவளுக்கு அந்த எண்ணம் வந்தது வளைகுடாவில். கல்யாணமாகிக் கணவரோடு போனவள், அங்கே தொழிலாளர்கள் தங்கும் கேபின்களை வரையும் அலுவலகத்தில் சேர்ந்தாள். ஒருநாள் நடுப்பகலில் முகாமில் மின்சாரம் நின்றுவிட்டது. இவள் வேலையாக அங்கே போயிருக்கிறாள். ஏசி இல்லாத கேபினுக்குள் யாராலும் இருக்க முடியவில்லை. "அத்தனை பேரும் வெளிய வந்து, அந்தக் கேபினோட நிழல்லயே ஒட்டி உக்காந்திருந்தாங்க. வீட்டுக்குள்ள இருக்க முடியாம வீட்டோட நிழல்ல. நான் வரைஞ்ச வீடு." இதைச் சொல்லும்போது அவள் குரல் உயராது. எங்கோ தூரத்தில் நடப்பதைப் பார்த்துச் சொல்வது போலச் சொல்வாள்.

திருச்சிக்குத் திரும்பி வந்து அவள் வரைந்த முதல் வீடு, திருவெள்ளறைப் பக்கம் செல்லத்துரை என்ற விவசாயிக்கு. மழையில் அவருடைய பழைய வீட்டுச் சுவர் விழுந்துவிட்டது. மகள் கலா தலைப்பிரசவத்துக்கு வரவிருந்தாள். அதற்குள் வீடு வேண்டும். வேப்பமரத்துக்குப் பக்கத்தில் இடம் பார்த்தோம். ரோடு மேற்கே இருந்தது. மேற்கு வெயில் உள்ளே அடிக்காதபடி நீளவாட்டை வடக்கும் தெற்கும் பார்த்து வைக்கலாம் என்றாள் ஜமீலா.

"ரோட்ட பாக்காத வீட்ட யாரும்மா வீடும்பாங்க" என்றார் செல்லத்துரை.

அவர் ஆசையாகக் கேட்டார். இவள் சரி என்றுவிட்டாள். பெரிய ஜன்னல்கள் மேற்கைப் பார்த்து அமைந்தன.

சித்திரையில் பிரசவம் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து கலா கைக்குழந்தையோடு அந்த வீட்டுக்கு வந்தாள். நாங்கள் பார்க்கப் போனபோது குழந்தை வேப்பமரத்துத் தூளியில் கிடந்தது. உடம்பெல்லாம் வேர்க்குரு.

"மத்தியானத்துக்கு மேல பிள்ளைய உள்ள போட முடியலைங்க" என்றாள் கலா, சங்கடத்தோடு. "பொழுது சாஞ்சா பரவால்ல."

ஜமீலா தனியாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெயில் சாயும் வரை வரவில்லை. வந்தபோது துப்பட்டா முழுக்க நனைந்திருந்தது. மரத்து நிழலில் ஆடிய தூளியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அங்க பார்த்ததையே இங்க கட்டி வச்சிருக்கேன் வேதா."

எங்கள் முதலாளி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "ஒரு ஏசி மாட்டி விட்டுடுங்க, முடிஞ்சுது" என்றார்.

"மாட்டலாம் சார். அப்புறம் அந்தக் கூரை எவ்வளவு கொடுத்தாலும் அதுக்கே பத்தாது. நான் அவங்களுக்குச் சொன்ன வீடு அது இல்ல."

"வேற என்ன பண்ணுவீங்க?"

"திருப்பி வைப்பேன்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் ஒத்துக்கொள்ளும் வரை நாற்காலியை விட்டு எழவும் இல்லை.

புதிய தூண்கள் இறுகியதும் ஒரு விடியலில் கிரேன் வந்தது. கம்பிகளைக் கழற்றி, குழாய்களைப் பிரித்து, வீட்டின் நாலு மூலையிலும் வார் கட்டினார்கள். கலாவும் அவள் அம்மா மருதாயியும் குழந்தையோடு மரத்தடியில் நின்றார்கள். சட்டென்று வீடு தரையை விட்டது. அவ்வளவு மெதுவாக ஒரு பொருள் எழும்பி நான் பார்த்ததில்லை. உள்ளே போட்டிருந்த பூப்போட்ட திரை ஜன்னல் வழியே வெளியே வந்து காற்றில் அசைந்தது. தென்னை மட்டைகளின் உயரத்தில் வீடு தயங்கி நின்றது. பிறகு, தூக்கத்தில் புரண்டு படுப்பவர் போலத் தானாகத் திரும்பியது. அதன் நிழல் சோளக்கொல்லை மேல் வழுக்கிப் போயிற்று.

"நம்ம வீடு பறக்குதுடி" என்றாள் மருதாயி, குழந்தையிடம்.

செல்லத்துரை தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார், சாமி புறப்பாட்டைப் பார்ப்பவர் போல. ஜமீலாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. துவா ஓதுகிறாள் என்று அப்புறம்தான் புரிந்தது. வீடு தூண்களில் உட்கார்ந்த சத்தம் கேட்டதும் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மத்தியானம் மேற்கே இருந்த சின்ன ஜன்னல் வழியே நுழைந்த காற்று, எதிர்ச்சுவரின் உச்சியில் வைத்த திறப்பு வழியே வெளியேறியது. குழந்தையை உள்ளே கிடத்தினார்கள். அது கைகளை விரித்துத் தூங்கியது. பெரியவர்கள் எல்லோரும் வாசலில் செருப்பில்லாமல் நின்று அந்தத் தூக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மறுவருஷம் செல்லத்துரை அவளைப் போனில் கூப்பிட்டுச் சொன்னார்: "அம்மா, நாம எடுத்ததவிட நம்ம வீடு கொடுத்ததுதான் கூடவாம். மீட்டர் பாக்க வந்தவரு சொல்றாரு." போனை வைத்துவிட்டு ஜமீலா எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தாள். கொண்டாட்டம் அவ்வளவுதான்.

அன்வர் கூப்பிட்ட அன்று, அடக்கத்துக்கு முன்னால் அவள் வீட்டில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். ஜமீலாவின் முகம் அமைதியாக இருந்தது. கலா வந்திருந்தாள், குழந்தை இப்போது ஸ்கூலுக்குப் போகிறதாம். அவளைச் சுமந்துபோன சந்தூக்கு தெருமுனையில் திரும்பும் வரை இரண்டு பேரும் வாசல்படியில் நின்றோம்.

ஜமீலாவிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது ஒரு கேள்வி. எந்த மனைக்குப் போனாலும், எத்தனை அறை என்று கேட்பதற்கு முன்னால் அவள் கேட்பது: "பகல்ல இங்க யாரு தூங்குவாங்க?"

போன வாரம் திருவானைக்காவலில் ஒரு வாழைத்தோட்டத்து ஓரத்தில் நின்று அதையே கேட்டேன். வீடு கேட்டிருந்த தம்பதியில் மனைவி பதில் சொல்லத் தொடங்க, பின்னால் நின்ற கணவர் தயங்கித் தயங்கி, "நான்தாங்க" என்றார். பொன்மலை ரயில்வே பணிமனையில் நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன. காற்று வரும் மூலையைப் பார்த்து, கட்டில் வரும் இடத்தைச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுக் காட்டினேன்.

"படுத்துப் பாக்கலாங்களா?" என்று கேட்டார்.

துண்டை விரித்து, இன்னும் எழும்பாத சுவர்களுக்கு நடுவே படுத்தார். வாழையிலைகள் அசைந்தன. அவர் மனைவி சமையலறையைப் பற்றி ஏதோ கேட்க வாயெடுத்தவர், கணவரைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். அவர் தூங்கிப்போயிருந்தார். நாங்கள் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தோம்.