பாலாறு போன வழி

ஒரகடத்தில் எங்கள் வயலை ஒட்டிப் புதுக் கம்பெனிக்குக் கடைக்கால் தோண்டுகிறார்கள். குவித்திருந்த ஈர மணலின் வாசம் என்னை எழுபதுகளுக்கு இழுத்துப் போனது.

அப்பா இறந்த வருஷம் மழையே இல்லை. ஏரி வெடித்துக் கிடந்தது. வயல் கிணறும் வற்றிவிட்டது.

"இது வானம் பாத்த பூமி. வித்துட்டு எங்க வூட்டுக்கு வந்துடு," என்றார் பெரியப்பா.

"ஆறு போன எடம் மாமா இது," என்றாள் அம்மா. "பாலாறு ஒரு காலத்துல இந்த வழியாத்தான் ஓடிச்சாம். ஏர் ஓட்டச்சொல்லோ எவ்ளோ கூழாங்கல்லு வருது. அது இன்னா வானத்துலேர்ந்தா வுழுந்துச்சு? நான் கிணத்தைத் தோண்டத்தான் போறேன்."

பெரியப்பா ஆள் தர மறுத்தார். அம்மா புடவையை வரிந்து கட்டிக்கொண்டு தானே கிணற்றில் இறங்கினாள். நானும் சித்தியும் மேலே நின்று மண் கூடையை இழுத்தோம். உள்ளங்கை கொப்பளித்தது. பல நாள் களிமண்தான் வந்தது. ஒரு சாயங்காலம் வெள்ளை மணல் வந்தது; அம்மாவின் கணுக்கால் வரை தண்ணீர் ஊறியது.

எட்டிப் பார்த்த பெரியப்பாவிடம் அவள் நிமிர்ந்து, "நாத்து எப்போ வுடலாம் மாமா?" என்று மட்டும் கேட்டாள்.

நிலம் இன்றும் எங்களிடம்தான் இருக்கிறது. நேற்று வந்த புரோக்கர், "சுத்தியும் கம்பெனி வந்துடுச்சு, இன்னும் எதுக்கும்மா நெல்லு?" என்றார்.

"வெளையுதே," என்றேன்.