வால் நுனியைப் பார்க்காத நாள்

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் ‘புழு அக்கா’. காட்டு மண்ணிலுள்ள, கண்ணுக்குத் தெரியாத நூற்புழுக்களின் வாயிலிருக்கும் ஊசி போன்ற உறுப்பையும் வால் நுனியையும் நுண்ணோக்கியில் பார்த்தே இனம் பிரித்துவிடுவாள்.

வனக்காவலராக இருந்த அவள் தம்பி, பட்டுப்போன மரங்களின் வேரடி மண்ணை ஒருநாள் கொண்டுவந்தான். அன்று அவளுக்குத் தலைக்குமேல் வேலை. ஊசியை மட்டும் பார்த்துவிட்டு, “சாதாரணப் புழுதான்டா, பயப்படாதே” என்றாள். அதை நம்பி, அந்த இடத்து மண்ணிலேயே வளர்த்த கன்றுகளை அவன் மலைச்சரிவெங்கும் நட்டான்.

மூன்றே வருடத்தில் சரிவு முழுவதும் காய்ந்தது. அன்று புழுவை வைத்துப் பார்த்த பழைய கண்ணாடித் தகட்டைத் தேடியெடுத்து வாலைப் பார்த்தாள். அது வேரையே அழிக்கும் வேறு இனம். தம்பியிடம் போய் உண்மையைச் சொன்னாள்.

“நானாவது இன்னொரு தடவை பாருன்னு சொல்லியிருக்கணும்க்கா” என்றான் அவன்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்தச் சரிவு வழியாகப் போகும் பேருந்தில் அவள் பிறகு ஏறவேயில்லை.