இருபதுக்கு இருபது

போன ஞாயிற்றுக்கிழமை என் வகுப்பில் மும்தாஜ் அக்கா இருபதுக்கு இருபது வாங்கினார். சந்தோஷப்படவேண்டிய நான் பயந்துபோனேன்.

மதுரை வில்லாபுரத்தில் ஒரு மாடி அறை. ஞாயிறுதோறும் பெண்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்கே போனாலும் அதைச் சொல்லாமல் இருக்க மாட்டேன்!

மும்தாஜ் அக்காவுக்குக் கப்பலூர் கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலை. பதினோரு வருஷமாக நின்றுகொண்டே பார்க்கிறார். முழங்கால் போய்விட்டது. சூப்பர்வைசர் ஆனால் நாற்காலி உண்டு. அதற்கு ஆங்கில டெஸ்ட்... மறுநாள் திங்கட்கிழமை காலை.

கோடிட்ட இடங்களை நிரப்பும் தாளை நான்கே நிமிடத்தில் முடித்தார். வாக்கியங்களை அவர் பார்க்கவே இல்லை. உதடு மட்டும் அசைந்தது.

"அக்கா, வாய்க்குள்ள என்ன சொல்றீங்க?"

"ஒண்ணு இஸ், ரெண்டு வாஸ், மூணு ஹேஸ், நாலு ஆர்... பாத்திரம் கழுவும்போதெல்லாம் சொல்லிச் சொல்லி, பாட்டு மாதிரி வந்துருச்சு டீச்சர்!"

தப்பு யாருடையது? ஜெராக்ஸ் கட்டு மிச்சம் இருக்கிறதே என்று மூன்று வாரமாக அதே தாளைக் கொடுத்தவள் நான். மார்க் ஏற ஏற, என் திறமை என்று பூரித்தவளும் நான்தான்.

அதே கேள்விகளைக் கீழிருந்து மேலாகக் கேட்டேன். நான்குதான் சரி.

"என்ன டீச்சர், கவுத்துப்போட்டுக் கேக்குறீங்க!" அக்காவின் முகம் சுருங்கியது.

பக்கத்தில் இருந்த ராணி விடவில்லை. "கம்பெனிக்காரன் என்ன, ஒங்க பாட்டுக்குத் தாளமா போடுவான்?"

எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. பத்தாவதில் நான் பாஸானதும் இதே வழியில்தான். எனக்குத் தெரிந்த படிப்பைத்தானே அவருக்கும் கொடுத்திருக்கிறேன்?

தாளை ஓரமாக வைத்தேன். "வேலையில தினமும் எதைப் பாக்குறீங்க? அதைச் சொல்லுங்க."

"பெட்டி ஒடஞ்சிருக்கும். டேப்பு தீந்திருக்கும். லாரி வந்திருக்காது. எம்புட்டு வேணும்?"

ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் எழுதி, நடுவில் ஒரு சொல்லுக்குப் பதில் கோடு போட்டேன். அக்கா முதன்முறையாக வாக்கியத்தைப் படித்தார். யோசித்தார். அழித்து எழுதினார். இரண்டு மணி நேரத்தில் பத்துக்கு ஆறு தேறியது. ஒரே நாளில் என்ன ஆகிவிடும் என்ற பயம் மட்டும் போகவில்லை.

திங்கட்கிழமை முழுக்க போன் என் கையிலேயே இருந்தது. மதியத்துக்கு மேல் கூப்பிட்டார்.

"இருபதுல மூணை விட்டுட்டு வந்துட்டேன் டீச்சர்."

"ஐயோ, ஏங்க்கா? எதையாச்சும் எழுதியிருக்கலாம்ல?"

"அந்த மூணும் தெரியாதுன்னு தெரிஞ்சுச்சு டீச்சர். அதான் விட்டுட்டேன்."

ரிசல்ட் இன்னும் வரவில்லை. காலியாக விட்ட அந்த மூன்றைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை... நிரப்பிவிட்டு வந்த பதினேழில் எத்தனை பழைய பாட்டோ, அதுதான் என்னைப் படுத்துகிறது!