கொள்ளைக்காரருக்கு ஒரு கடிதம்

பதினோரு வயதில் எனக்குச் சொந்தமாக ஒரு கப்பல் இருந்தது. கடலில் போவது அல்ல, விண்வெளியில் போவது. அதில் பாதிப் பங்கு அத்தைக்கு. மங்கலம் ரோட்டில், கீழே அப்பாவின் பனியன் கம்பெனியும் மேலே எங்கள் வீடுமாக இருந்த கட்டடத்தில், ஆபீஸ் அறைக் கம்ப்யூட்டருக்குள் அது நின்றிருந்தது. வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்கும் பையர்களுக்கு மெயில் அனுப்ப பிராட்பேண்ட் வாங்கியிருந்த புதிது. கம்ப்யூட்டரைப் பழுதுபார்க்க வந்தவர் யாரோ அந்த விளையாட்டைப் போட்டுவிட்டுப் போயிருந்தார். உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் அதற்குள் பறந்துகொண்டிருப்பார்கள். அப்பாவுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் மின்சாரக் கட்டணத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருப்பார்.

அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. மூலனூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்தக் கோடை விடுமுறையில் இடது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு எங்கள் வீட்டில் வந்து இறங்கினாள். பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று எனக்குச் சொன்னார்கள். முந்தின வருடமும் இப்படித்தான் நெற்றியில் ஒரு தையலோடு வந்து, பதினைந்து நாள் இருந்து, மாமா வந்து கூப்பிட்டதும் கிளம்பிப் போனாள். மாமா வீட்டில் தரை அவ்வளவு வழவழப்பு போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு முன்னால் கம்பெனியின் ஆங்கிலக் கடிதங்களை எல்லாம் எழுதியது அத்தைதான். பி.காம். படித்தவள். இந்த முறை வந்த மறுநாளே அப்பா அவளை ஆபீஸ் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். சும்மா இருந்தால் கண்டதையும் நினைப்பாள் என்பது அவர் கணக்கு. ஒரு கையால் தட்டச்சு செய்ய வேண்டியிருந்ததால் பெரிய எழுத்து வரும் இடங்களில் ஷிஃப்ட் பொத்தானை அழுத்திப் பிடிக்கும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. அத்தை "ம்" என்பாள், நான் அழுத்துவேன்.

பெரும்பாலும் அவை சரக்கு தாமதமாகும் என்று சொல்லும் கடிதங்கள். சாயப்பட்டறையில் துணி நின்றுபோயிருக்கும், கரண்ட் போயிருக்கும், சில நேரம் பையரே நிறத்தைப் பாதியில் மாற்றியிருப்பார். எதுவானாலும் அப்பாவுக்கு ஒரே சட்டம்தான். "தப்பு யாரு மேல இருந்தாலும் மொத வரியில நாம வருத்தம் தெரிவிச்சரோணும் அம்மிணி. அப்பறந்தான் மத்த பேச்சு." டியர் சார் என்று தொடங்கி, மன்னிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம் என்று அத்தை அடுத்த வரியை எழுதுவாள். எத்தனை விதமாக மன்னிப்புக் கேட்கலாம் என்பதில் அவளை மிஞ்ச ஊரில் ஆள் இருந்திருக்க முடியாது.

கடிதங்கள் முடிந்த பிறகு விளையாட்டு. கப்பலில் போய்ப் பாறைகளை உடைத்து, அதை விற்று, சாமான் வாங்கிச் சேர்த்தோம். அங்கே இரண்டு விதமான இடங்கள் உண்டு. ஒன்று காவல் உள்ள பகுதி. அங்கே நம்மை யாராவது சுட்டால் உடனே போலீஸ் கப்பல் வந்துவிடும். அதைத் தாண்டினால் சட்டமே இல்லாத பகுதி.

"அங்க யாராச்சும் அடிச்சா?" என்று கேட்டேன்.

"அடிச்சா அடிதான் கண்ணு. கேக்க ஆளில்ல."

"இங்க இருக்குதுங்களா?"

"இருக்குது," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "வெளயாட்டுல இருக்குது," என்றாள்.

ஆனால் காவல் உள்ள பகுதியில் நமக்கென்று ஒரு இடம் கட்டிக்கொள்ள முடியாது. சட்டமில்லாத பகுதியில் மட்டும் யார் வேண்டுமானாலும் சொந்தமாக ஒரு நிலையம் கட்டலாம், அதற்குப் பெயரும் வைக்கலாம். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை மாமாவும் அவருடைய அப்பாவும் வந்து அத்தையைக் கூட்டிப் போகப் போகிறார்கள் என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. எனக்கு அத்தை போகக் கூடாது. அவளுக்கென்று ஒரு வீடு கட்டிவிட்டால் அதை விட்டுவிட்டு எப்படிப் போவாள்? என் மூளைக்கு எட்டிய திட்டம் அதுதான். அத்தையிடம் சொன்னேன். சிரிக்காமல் கேட்டாள். "கட்டீறலாம்," என்றாள்.

புதிதாக அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு விளையாட்டிலேயே ஒரு எச்சரிக்கை எழுதியிருந்தார்கள். எதைப் பறிகொடுத்தால் உங்களால் தாங்க முடியாதோ அதை ஏற்றிக்கொண்டு போகாதீர்கள் என்று. அத்தை எனக்குத் தமிழில் சொன்னாள். இருவரும் தலையாட்டினோம். பிறகு எங்களிடம் இருந்த அத்தனையையும் ஒரே கப்பலில் ஏற்றினோம். நாங்கள் வளர்ந்த வீடு அப்படி. ஒரு முறை பெட்டிகள் குறைந்து கண்டெய்னரில் இடம் மீந்ததற்கு, "காத்தை ஏத்தி அனுப்பறதுக்கா வாடகை குடுக்கறோம்?" என்று அப்பா இரண்டு நாள் சோறு இறங்காமல் திரிந்திருக்கிறார். மூலையில் கொஞ்சம் இடம் காலியாகத் தெரிந்ததும் அத்தைக்கும் மனசு கேட்கவில்லை. கடைசியாக இருந்த உதிரிச் சாமானையும் அதில் திணித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கம்பெனி விடுமுறை. மாடியில் அம்மா விருந்தாளிகளுக்குச் சமைத்துக்கொண்டிருந்தாள். அத்தையின் பை கட்டித் தயாராக இருந்தது. நாங்கள் கீழே ஆபீஸில் எல்லையைத் தாண்டினோம். திரையில் ஒரு சிவப்பு எச்சரிக்கை வந்து போனது. அவ்வளவுதான். மற்றபடி அங்கேயும் அதே இருட்டும் அதே நட்சத்திரங்களும்தான் இருந்தன. இதற்கா இவ்வளவு பயமுறுத்தினார்கள் என்று நான் நினைத்து முடிப்பதற்குள் எங்கள் கப்பல் நகர மறுத்தது. பக்கத்தில் இன்னொரு கப்பல் நின்றது. கொள்ளைக்காரர்.

"அத்தை, எதாச்சும் பண்ணுங்க!" என்று கத்தினேன்.

அத்தை என்ன செய்தாள் தெரியுமா? அவருக்கு ஒரு கடிதம் எழுதினாள். "ம்" என்றாள், நான் ஷிஃப்ட்டை அழுத்தினேன். டியர் சார், தங்கள் பகுதிக்குள் முன் அனுமதி இல்லாமல் வந்ததற்கு மனப்பூர்வமாக வருந்துகிறோம். தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மன்னிக்கவும். நாங்கள் புதியவர்கள். தயவுகூர்ந்து எங்களைத் திரும்பிப் போக அனுமதிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். கடைசியில் தங்கள் உண்மையுள்ள என்று கூடப் போட்டாள். ஒரு கையால் அவள் அடித்து முடிக்கும் வரை அந்த மனிதர் சுடாமல் காத்திருந்தார். இப்படி ஒரு கடிதம் அவருக்கு அதற்கு முன்னால் வந்திருக்காது.

பதில் ஒரே வரியில் வந்தது. பள்ளிக்கூட ஆங்கிலத்தை வைத்து எனக்கே அது புரிந்தது. கொள்ளையடிப்பவன் நான், நீ எதற்கு மன்னிப்புக் கேட்கிறாய்?

அடுத்த நொடி கப்பல் வெடித்துச் சிதறியது. இரண்டு வாரச் சம்பாத்தியமும் கட்டாத வீடும் திரை முழுக்கப் பொறியாகப் பறந்தன. நான் மேசையில் தலையைக் கவிழ்த்து ஓவென்று அழுதேன். அத்தை என்னைச் சமாதானப்படுத்தவே இல்லை. நிமிர்ந்து பார்த்தால் அவள் திரையின் ஓரத்தில் நின்றிருந்த அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கப்பல் போன துக்கத்தில் பேச்சு வராமல் இருக்கிறாள் என்று எண்ணினேன். எனக்கு அவள் மேல் பாவமாக இருந்தது.

மதியம் அவர்கள் வந்தார்கள். மாமா வழக்கம்போல எனக்கு இனிப்புப் பெட்டி வாங்கி வந்திருந்தார். சாப்பிட்டு வெற்றிலை போட்ட பிறகு மாமாவின் அப்பா பேச்சை ஆரம்பித்தார். "சின்னஞ்சிறுசுகன்னா முன்னப்பின்ன இருக்கத்தானுங்க செய்யும். போன தடவை மாதிரி, தப்புதானுங்க மன்னிச்சுக்கங்கன்னு அம்மிணி ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சுதுங்க."

எல்லாரும் அத்தையைப் பார்த்தார்கள். அப்பா கண்ணாலேயே சொல்லச் சொன்னார். அத்தை சமையலறை நிலைப்படியில் நின்றிருந்தாள். கட்டுப் போட்ட கையை நல்ல கையால் தாங்கிப் பிடித்திருந்தாள்.

"நான் எதுக்குங்க மாமா மன்னிப்புக் கேக்கோணும்?" என்று மாமனாரைப் பார்த்துக் கேட்டாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போல இருந்தது. "கைய ஒடச்சது நானில்லீங்களே."

மாமா விருட்டென்று எழுந்தார். அவருடைய அப்பா என் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். முதல் வரியில் வருத்தம் தெரிவித்தே பழகிய அப்பாவின் கண் அத்தையின் மாவுக்கட்டிலேயே நின்றது. அவர் அதை அன்றுதான் பார்ப்பதுபோல இருந்தது. பிறகு எழுந்துபோய் வாசலில் இருந்த அத்தையின் பையை எடுத்து உள்ளே கொண்டு வந்து வைத்தார்.

"அம்மிணி இங்கயே இருக்கட்டுங்க," என்றார்.

அவர்கள் போன பிறகு அம்மா ஏனோ பாத்திரங்களை இரண்டாம் தடவை கழுவிக்கொண்டிருந்தாள். எனக்கு மட்டும் தலைகால் புரியாத சந்தோஷம். மொட்டை மாடியில் தனியாக நின்றிருந்த அத்தையிடம் ஓடினேன்.

"கப்பல் போயிருச்சுன்னுதான நீங்க போகலீங்க? மறுபடி சம்பாரிக்கோணும்னுதான?"

அத்தை என் பக்கம் திரும்பினாள். "ஆமா கண்ணு," என்றாள். "அதுக்குத்தான்."

சொல்லிவிட்டு என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். அவள் உடம்பு குலுங்கிக்கொண்டே இருந்தது. சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நானும் சிரித்தேன்.