பதியாத வீட்டில் இரண்டு பேர்

"கிளறன்ஸுக்கு அண்டைக்குத் தண்ணி கூடிப்போச்சு" எண்டு சிரிக்கிறவை சிரிக்கட்டும். நான் ஒரு சொட்டும் குடிக்கேல்ல. தேதியும் சொல்லுறன். 1998 ஒக்டோபர் 14, புதன்கிழமை.

அப்ப கொழும்பில வெள்ளவத்தைப் பக்கமெல்லாம் பழைய வீடுகளை உடைச்சு பிளாட் கட்டினாங்கள். பெரிசில்லை. ஒரு அறை, சமைக்க ஒரு குசினி, காலை நீட்டினால் சுவர். ஆனால் என்னைப்போல துறைமுகத்துக் கிளார்க்கும் சொந்தமா ஒரு வீடு வாங்கலாம். கொட்டாஞ்சேனையில நாங்கள் இருந்தது வாடகை அறை. வீட்டுக்காரி மாதம் ஒருக்கால் "வீட்டை விட்டு எழும்புங்கோ" எண்டுவா. பாமன்கடையில மூண்டாம் மாடியில ஒரு புதுப் பிளாட் மலிவா வருதெண்டதும் என்ர மனிசி டோரின் துள்ளிக் குதிச்சாள். எனக்குத்தான் சந்தேகம். மற்றப் பிளாட்டுகளை விட இது மட்டும் ஏன் இவ்வளவு மலிவு?

"வாசல் திசை சரியில்லை, அதுதான்," எண்டார் புரோக்கர் சிவானந்தன். என்ர முகத்தைப் பார்த்துச் சொல்லேல்ல.

நான் வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போறவன். எனக்கென்ன வாசல் திசை? அடுத்த நாள் கையெழுத்து. அதுக்கு முதல் வீட்டைத் தனியப் பார்க்கவேணுமெண்டு கதவுத் திறப்பை வாங்கினன்.

பின்னேரம் 5.50. கட்டடத்தில இன்னும் ஒருத்தரும் குடிவரேல்ல. கரண்டும் இல்லை. குசினியில பைப்பைத் திறந்துவிட்டன். தண்ணி நல்லா வந்தது. அறைக்குப் போய் ஈரம் கசியுதோ எண்டு சுவரைத் தடவிக்கொண்டு நிண்டன்.

6.10. தண்ணிச் சத்தம் நிண்டது. போய்ப் பார்த்தால்... பைப் இறுக்கிப் பூட்டிக் கிடக்குது.

6.25. குசினி வாசலில ஈரக் காலடி. சின்னக் கால். வெறுங்கால். நானோ சப்பாத்தோட நிக்கிறன்.

"அட கள்ளச் சிவானந்தன்! ஒரே வீட்டை ரெண்டு பேருக்கு வித்துப்போட்டான்!" எனக்குப் பேய் ஞாபகமே வரேல்ல. கோபம்தான் வந்தது. மூலை முடுக்கெல்லாம் தேடினன். ஒருத்தரும் இல்லை.

6.40. இருட்டிப்போச்சு. கீழ ஜீப் வந்து நிண்டது. சப்பாத்துச் சத்தம் படியேறி வந்தது.

பொலிஸ் சுற்றிவளைப்பு!

சண்டை நடந்த அந்த நாளில தமிழர் வீட்டில இருக்கிற எல்லாற்ற பேரும் பொலிசில பதிஞ்சிருக்கவேணும். என்ர பதிவு கொட்டாஞ்சேனையில. பதியாத வீட்டில, இருட்டில, தனிய ஒரு தமிழன். கொண்டுபோனால் திரும்பி வருவன் எண்டு ஆர் சொல்லுறது?

கதவைத் தட்டினாங்கள். முகத்தில டோர்ச் வெளிச்சம்.

"கீ தெனெக் இன்னவாத?" எத்தனை பேர்?

"மம விதரய், சேர்." நான் மட்டும்தான்.

முன்னுக்கு நிண்ட பொலிஸ்காரன் கையைப் பிடிச்சு இழுத்தான். மாதாவே, முடிஞ்சுது என்ர கதை!

அப்பிடியே நிண்டான்...

என்ர தோளுக்கு மேலால உள்ளுக்குப் பார்த்தான்.

தலையாட்டினான். ஆரோ சொல்லுறதைக் கேக்கிறமாதிரி.

கையை விட்டான். "அம்மா நிக்கேக்க ஏன் பொய் சொன்னனி? நீ தன்ர மகன் எண்டு அவ சொல்லுறா. நாளைக்கே பதி," எண்டு சிங்களத்தில ஏசிப்போட்டுப் படியிறங்கினான்.

6.52.

எனக்குப் பின்னால...

ஒரு பெருமூச்சு.

நான் திரும்பேல்ல.

ஓடினன்.

விடிஞ்சதும் சிவானந்தன்ர மேசையில திறப்பை வச்சன். "வேண்டாம்." அந்தாள் ஏனெண்டு கூடக் கேக்கேல்ல. டோரின் கட்டிவச்ச சாமானைத் திரும்ப அவிழ்த்தாள்.

பிறகொரு நாள் அந்த ஒழுங்கை முனையில கடை வச்சிருக்கிற ஹுசைனிட்ட நடந்ததைச் சொன்னன். மனிசன் சோடாவை உடைச்சுக் கையில தந்தார்.

"அது இரத்தினம்மா. அந்த எடத்துல முந்தி ஈந்த பழைய வீட்டோட சொந்தக்காரி. மகன் யாழ்ப்பாணத்துல இருந்து வந்து ரெண்டு நாள், இன்னும் பதியல்ல. பொலிஸ்காரங்க சுத்திவளைச்சுக் கேட்டாங்க. பயத்துல அந்தம்மா 'நான் தனியத்தான், வேற ஆருமில்ல'ண்டு சொல்லிட்டாங்க. உள்ள தேடிப் புடிச்சாங்க. 'ஒளிச்சா வெச்சீக்கிற?'ண்டு கொண்டு போனாங்க. புள்ள திரும்பி வரல்ல."

"பிறகு?"

"பொறகு ஆரு கதவைத் தட்டினாலும் ஒரே பேச்சுத்தான். 'என்ட மகன் உள்ள இருக்கிறார்.'"

"இப்ப அவ எங்க?"

"மவுத்தாகிப் போய்ச் சேந்து மூணு வருஷம் சேர். அப்ப இங்க மாடியே இல்ல."